படிக்கும்போது ஆயிரம், முடித்த பிறகு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் ஒரு செய்தி வரும். ‘படித்துவிட்டு வேலையின்றிக் காத்திருக்கும் இளைஞர்கள் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்’ என்று தலைப்பு. ஆட்சியர் அலுவலகச் செய்திக்குறிப்பு அது, வரி மாறாது. பத்தாம் வகுப்பில் தவறியவர்களுக்கு மாதம் 200 ரூபாய், தேறியவர்களுக்கு 300, பிளஸ் டூ முடித்தவர்களுக்கு 400, பட்டதாரிகளுக்கு 600. தொகையும் பல ஆண்டுகளாக மாறவில்லை. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கே நேரில் போய்க் கேட்டவள் நான். கேட்டு வந்ததை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பி.எஸ்சி. கணிதம். அரசுப் பள்ளி, அரசு கலைக் கல்லூரி. கொரோனாவால் பொதுத்தேர்வே இல்லாமல் 2021-இல் பிளஸ் டூ தேறிய ‘ஆல் பாஸ்’ பேட்ச். (இன்டர்வியூவில் இதைச் சொன்னால் எதிரே இருப்பவர் லேசாகச் சிரிக்கிறார். நாங்களா கேட்டோம்?) 2024-இல் பட்டம் முடித்தேன். கையோடு வேலைவாய்ப்பு அலுவலகத்தின் இணையதளத்தில் பட்டத்தையும் பதிந்துவிட்டேன். பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் மதிப்பெண் சான்றிதழ் தந்தபோதே பள்ளியில் பதிந்து கொடுத்திருந்தார்கள்.

திட்டத்தின் முதல் நிபந்தனை, பதிவு செய்து ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து காத்திருக்க வேண்டும் என்பது. மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் ஓராண்டு போதும். அதாவது 2024-இல் பட்டம் பதிந்த நான் 600 ரூபாய்க்கு விண்ணப்பம் வாங்கவே 2029 ஆகும். கவுன்டரில் இருந்தவர் இதை விரல் விட்டு எண்ணிச் சொன்னார். சரி, பத்தாம் வகுப்பை 2019-இல் பதிந்து ஐந்து ஆண்டு தாண்டிவிட்டதே, அதை வைத்து 300 ரூபாய்க்காவது போடலாமா என்று கேட்டேன். ‘போடலாம்மா’ என்றார். பக்கத்து மேசைக்காரர் தலையைத் தூக்கி, ‘டிகிரி பதிஞ்சிட்டா அதுக்கு மேல டிகிரி தேதிதான் சார்’ என்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அவர்களுக்குள் பேசினார்கள். அப்புறம் முதலாமவர் என்னிடம் திரும்பி, ‘போட்டுப் பாருங்க’ என்று படிவத்தை நீட்டினார். படிவம் இலவசம், அதைச் சொல்லியாக வேண்டும். யாரும் என்னிடம் காசு கேட்கவில்லை, எரிந்து விழவும் இல்லை. அவர்களைப் பற்றிப் புகார் சொல்ல நான் எழுதவில்லை. விதியே குழப்பமாக இருந்தால் கவுன்டரில் இருப்பவர் என்ன செய்வார்?

பிரச்சினை அடுத்த பக்கத்தில் இருந்தது. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கணிதம் படித்ததற்கு இதாவது பயன்படட்டும் என்று வகுத்துப் பார்த்தேன். மாதம் 6,000, ஒரு நாளைக்கு 200. என் அப்பா கமிஷன் கடையில் மூட்டை தூக்குகிறார். வேலை இருக்கிற நாளில் 600 ரூபாய் கிடைக்கும், மாதம் இருபது நாள் இருந்தால் அது நல்ல மாதம். அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறார். களையெடுக்கப் போகிற வீட்டில்கூட இன்று வருமானம் 72,000-க்குள் நிற்காது. பிறகு யாருக்குத்தான் இந்தத் தொகை கிடைக்கிறது என்று யோசித்துக்கொண்டே வருமானச் சான்றுக்குப் பதிய இ-சேவை மையத்துக்குப் போனேன். கணினி முன் உட்கார்ந்திருந்த பையன் நிமிராமலே கேட்டான்: ‘எதுக்குக்கா சான்று? அதைச் சொன்னீங்கன்னா எவ்வளவு போடணும்னு நான் சொல்றேன்.’

கிண்டலாக அவன் கேட்கவில்லை, உதவி செய்யத்தான் கேட்டான். கல்லூரி உதவித்தொகைக்கு ஒரு எண், வங்கிக் கடனுக்கு ஒரு எண், இதற்கு ஒரு எண். ஒரே அப்பா, ஒரே மூட்டை. வருவாய்த் துறையில் கையெழுத்துப் போடுபவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும், அதை வைத்துப் பணம் அனுமதிப்பவருக்கும் தெரியும். அறுபதாயிரம் என்று வாங்கி வருபவருக்கு உதவித்தொகை கிடைக்கும். உள்ளதை உள்ளபடி போடுபவர் வெளியே நிற்பார். நான் என்ன எண் போட்டேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

இதே அரசு, கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு வைத்திருக்கும் வருமான வரம்பு ஆண்டுக்கு இரண்டரை லட்சம். நிலத்துக்கு ஓர் அளவு, மின்சாரத்துக்கு ஆண்டுக்கு 3,600 யூனிட் என்று ஓர் அளவு. நம் ஊர்களில் ஏழை வீடு என்றால் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் உட்கார்ந்து போட்ட கணக்கு அது. அம்மா அந்த வரம்புக்குள் வருகிறார், 2023 செப்டம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய் வாங்குகிறார். அதே வீட்டில், அதே ரேஷன் கார்டில் இருக்கும் மகள் 72,000 வரம்பில் அடிபட்டுப் போகிறாள். ஒரே குடும்பம் அம்மா வாங்கும்போது ஏழை, மகள் கேட்கும்போது வசதியான குடும்பமா?

எங்கள் வீட்டுக் கணக்கையே முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்த தெருவில் தனியாக இருக்கும் பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை 1,200. அம்மாவுக்கு 1,000. கல்லூரியில் சேர்ந்திருக்கும் தம்பிக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 1,000. எனக்கும் வந்தது. நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, 2022 செப்டம்பரில், புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய் என் பெயரில், என் கணக்கில். அந்தப் பணம் என்ன செய்தது என்பதை என் வகுப்புப் பெண்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்கு அது பேருந்து, ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ், மாதக் கடைசியில் அப்பாவிடம் கை நீட்டாமல் இருப்பது. கடைசி செமஸ்டர் முடிந்தது, பணமும் நின்றது. படிப்புக்கான உதவி படிப்போடு நிற்பது நியாயம்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நின்ற அந்த மாதத்திலிருந்துதான் எனக்குச் செலவே கூடியது.

வேலை தேடுவது சும்மா இருப்பது அல்ல, அதற்குக் காசு வேண்டும். தேர்வாணைய விண்ணப்பத்தை போனிலேயே நிரப்பலாம் என்பார்கள். புகைப்படத்தையும் கையெழுத்தையும் அவர்கள் கேட்கிற அளவுக்குச் சுருக்கி ஏற்றத் தெரியாமல் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து நிற்பவர்கள் எத்தனை பேர் என்று போய்ப் பாருங்கள். நிரந்தரப் பதிவுக் கட்டணம், தேர்வுக் கட்டணம், பழைய வினாத்தாள் தொகுப்பு, சமச்சீர் புத்தகங்கள், தேர்வு மையம் வேறு ஊரில் விழுந்தால் துணைக்கு அப்பாவையும் சேர்த்து இரண்டு டிக்கெட். மாவட்ட வேலைவாய்ப்பு மையத்திலேயே தன்னார்வப் பயிலும் வட்டம் என்று போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பு நடக்கிறது. நல்ல வகுப்பு. வகுப்பு இலவசம், பேருந்துதான் இலவசமில்லை. மகளிருக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ் எங்கள் ஊரிலிருந்து வட்டத் தலைநகர் வரைக்கும்தான், அதற்கு மேல் மாவட்டத் தலைநகருக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். தினமும் போய்வர முடியாமல் வாரத்தில் பாதி நாள் விட்டுவிட்டேன்.

போட்டி என்ன என்பதும் எல்லோருக்கும் தெரியும். 2024 ஜூனில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு அறிவிப்பில் இருந்தவை 6,244 இடங்கள் (பிறகு கூட்டினார்கள்). விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம். பத்தாம் வகுப்புத் தகுதிக்கான அந்தத் தேர்வில் என் பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் எம்.ஃபில். இதை முதல் முறையிலேயே தாண்டுபவர்கள் உண்டு, பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை என்ன செய்வது? எங்கள் பக்கத்தில் கிடைப்பது துணிக்கடை, ஆஸ்பத்திரி ரிசப்ஷன், தனியார் பள்ளி. காலை எட்டு மணிக்குப் போய் இரவு வருகிற வேலையில் சேர்ந்துவிட்டால் படிக்க நேரமில்லை. நான் இப்போது தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். அதிலும் ஒரு சந்தேகம் உண்டு. சுயதொழிலோ சம்பள வேலையோ செய்யவில்லை என்று உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். சாயங்காலம் வாசலில் பாய் போட்டு ஏழாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லிக் கொடுப்பது சுயதொழிலா? அலுவலகத்தில் கேட்டேன். ‘அதெல்லாம் எழுதாதீங்க’ என்றார்கள்.

அந்தக் கவுன்டரில் எனக்கு முன்னால் நின்ற அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கையில் குழந்தை. பி.ஏ. தமிழ் முடித்துப் பதிந்து ஆறு ஆண்டு ஆகிவிட்டது, நடுவில் புதுப்பிக்கவும் தவறவில்லை, பதிவு மூப்பு (பதிந்த தேதிப்படி வரிசையில் இருக்கும் இடம்) அப்படியே இருக்கிறது. எல்லாம் சரியாக இருந்த ஒரே ஆள் அன்று அவர்தான். ‘கல்யாணம் ஆயிடுச்சா? அப்ப வீட்டுக்காரர் வருமானம் வேணும்’ என்றார்கள். வீட்டுக்காரர் ஏதோ மில்லில் சூப்பர்வைசர், 72,000-ஐ மூன்று நான்கு மாதத்திலேயே தாண்டிவிடுவார். அக்கா ஒன்றும் சொல்லாமல் பையில் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார், குழந்தை அதில் ஒன்றை இழுத்தது.

இந்த ஐந்து ஆண்டு விதி பெண்களை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதை அங்கேதான் புரிந்துகொண்டேன். பட்டம் முடித்த பெண்ணுக்கு எங்கள் மாதிரி வீடுகளில் கொடுக்கும் அவகாசம் மிஞ்சிப்போனால் இரண்டு ஆண்டு. ‘ரெண்டு வருஷம் எழுதிப் பாரு, கிடைக்கலைன்னா மாப்பிள்ளை பார்த்துருவோம்.’ அப்பா இதைக் கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். வீடு இரண்டு ஆண்டு தருகிறது, அரசு ஐந்து ஆண்டு கேட்கிறது. ஐந்து முடியும்போது அவள் வேறு வீட்டில் இருப்பாள், வேறு ஒருவரின் வருமானத்தில் அவளை எடை போடுவார்கள். ஆணாக இருந்தால் அந்த ஐந்து ஆண்டில் திருப்பூரிலோ ஓசூரிலோ ஒரு கம்பெனியில் இருப்பான், 600 ரூபாய்க்காக அதை விட்டு வரமாட்டான். ஆக, இந்தத் திட்டம் யாருக்காக என்று பெயரிலேயே சொல்கிறதோ அவர்கள் யாரும் வரிசையில் இல்லை.

இன்னொன்றும் இந்த இடத்தில் சொல்லலாம். புதுமைப் பெண் திட்டம் புதிதாக முளைத்ததல்ல. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண நிதியுதவித் திட்டத்தைத்தான் உயர்கல்விக்கான உதவியாக மாற்றினார்கள். பழைய திட்டத்தில் பட்டதாரிப் பெண்ணுக்குக் கல்யாணத்தின்போது 50,000 ரூபாயும் 8 கிராம் தங்கமும் கிடைத்தது. கல்யாணத்துக்குக் கொடுத்த பணத்தைப் படிப்புக்குக் கொடுப்போம் என்று மாற்றியது மிக நல்ல முடிவு. அதனால்தான் என் தெருவில் மூன்று பெண்கள் கல்லூரி போனோம். ஆனால் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் நடுவே ஒரு பெண் தன் சொந்தக் காலில் நிற்கத் தேடுகிற அந்த இரண்டு ஆண்டுக்கு அப்போதும் திட்டம் இல்லை, இப்போதும் இல்லை.

எல்லாவற்றுக்கும் அரசிடம் கை நீட்டினால் இளைஞர்கள் சோம்பேறியாகிவிடுவார்கள் என்று உங்கள் பகுதிக்கே யாராவது பதில் எழுதுவார்கள். மாதம் 600 என்றால் நாளைக்கு 20 ரூபாய், ஒரு டீயும் ஒரு வடையும். அதில் எவ்வளவு நேரம் சோம்பேறியாக இருக்க முடியும்? மூன்று ஆண்டுதான் கொடுப்பார்கள், அது முழுவதும் வாங்கினாலும் மொத்தம் 21,600. போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்குப் பண உதவி பலன் தரும் என்பது அரசுக்கே தெரிந்த விஷயம்தான். ‘நான் முதல்வன்’ திட்டத்தில் குடிமைப்பணி முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்கிற 1,000 பேரைத் தேர்ந்தெடுத்து மாதம் 7,500 வீதம் பத்து மாதம் கொடுக்கிறார்கள். ஆயிரம் பேருக்கு முதலீடாகத் தெரிவது மற்றவர்களுக்கு மட்டும் எப்படி இலவசமாகிவிடுகிறது?

மத்திய அரசுப் பக்கமும் எங்களுக்குக் கதவில்லை. தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ-யில் அடல் பெயரில் ஒரு திட்டம் இருக்கிறது, வேலை இழந்தவருக்குச் சம்பளத்தில் பாதியை அதிகபட்சம் 90 நாளுக்குக் கொடுப்பார்கள். ஏற்கெனவே வேலை பார்த்துச் சந்தா கட்டியவர்களுக்குத்தான் அது. முதல் வேலையே கிடைக்காதவருக்கு ஒன்றுமில்லை. பக்கத்தில் கர்நாடகத்தைப் பாருங்கள். 2024 ஜனவரியிலிருந்து ‘யுவ நிதி’ என்ற பெயரில் பட்டதாரிக்கு மாதம் 3,000, டிப்ளமோ முடித்தவர்க்கு 1,500 கொடுக்கிறார்கள். முடித்து 180 நாள் வேலை கிடைக்காமல் இருந்தால் போதும், இரண்டு ஆண்டு வரை அல்லது வேலை கிடைக்கும் வரை வரும். வேலையில்லை என்று அவ்வப்போது உறுதி செய்ய வேண்டும், மேற்படிப்புக்குப் போனால் நின்றுவிடும். 3,000 கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நம் மாநிலத்துக்கு இருக்கிற கடன் பற்றியும் உங்கள் நாளிதழில்தான் படிக்கிறேன். நான் பார்ப்பது அந்த 180 நாளை. பட்டம் முடித்து ஆறு மாதத்தில் கொடுத்தால் அது வேலை தேட உதவும். ஐந்து ஆண்டு கழித்துக் கொடுத்தால், தேடுவதை விட்டுவிட்டவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டுமானால் உதவும்.

முன்பு ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு காத்திருப்பதற்கு ஓர் அர்த்தம் இருந்தது. என் பெரியம்மா பதிவு மூப்பில்தான் ஆசிரியர் ஆனார், வீட்டுக்கு அட்டை வந்த நாளை இன்றைக்கும் சொல்வார். தகுதித் தேர்வு வந்த பிறகு அந்த வழி அடைபட்டது. இன்று அரசு வேலை பெரும்பாலும் தேர்வாணையத்தின் மூலமும் ஆசிரியர், காவலர், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியங்களின் மூலமும்தான். அவை பதிவு மூப்பைப் பார்ப்பதில்லை, தேர்வு மதிப்பெண்ணைத்தான் பார்க்கின்றன. வேலை கொடுக்கும் முறை மாறியது, உதவித்தொகையின் விதி மட்டும் அந்தக் காலத்து வரிசையிலேயே நின்றுகொண்டிருக்கிறது. பொறியியல், மருத்துவம், விவசாயம், சட்டம் போன்ற தொழிற்படிப்பு படித்தவர்களுக்கு உதவித்தொகையே கிடையாது என்பதும் அந்தக் காலத்து எண்ணம்தான். பி.இ. முடித்தவருக்கு வேலை தேடி வரும் என்று யாரோ எப்போதோ நினைத்து எழுதியிருக்கிறார்கள். பி.இ. சிவில் முடித்த என் சித்தப்பா மகன் இப்போது உணவு டெலிவரிக்கு வண்டி ஓட்டுகிறான், அவனிடம் கேட்டால் சொல்வான்.

வேலைவாய்ப்புத் துறை செய்யக்கூடியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. பட்டதாரிகளுக்குக் காத்திருப்பை ஆறு மாதமோ, அது முடியாவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கு இருப்பதுபோல் ஓராண்டோ ஆக்கலாம். மூன்று ஆண்டு கொடுப்பதை இரண்டாகக் குறைத்துக்கொள்ளட்டும், எங்களுக்குத் தேவைப்படுவது முதல் இரண்டுதான். வருமான வரம்பை மகளிர் உரிமைத் தொகைக்கு இருக்கிற இரண்டரை லட்சமாக்கினால், பொய் எண்ணுக்காக யாரும் அலைய வேண்டியதில்லை. தொகை, கல்லூரியில் வந்துகொண்டிருந்த அதே 1,000 ஆகட்டும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் எங்கள் வங்கிக் கணக்கு, ஆதார், படித்த பள்ளி, முடித்த ஆண்டு எல்லாம் ஏற்கெனவே அரசின் கணினியில் இருக்கின்றன. புதிதாகப் படிவம், டி.சி. நகல், ரேஷன் கார்டு நகல் எதுவும் தேவையே இல்லை. கடைசியில் வேலை கிடைத்ததா, தேர்வு எழுதினாரா என்று மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேட்டால் போதும். எந்தப் படிப்பு எந்தத் தேதியிலிருந்து கணக்கு என்பதையாவது இரண்டு மேசைக்காரரும் ஒரே மாதிரிச் சொல்லும்படி எழுதி ஒட்டலாம், அதற்கு நிதி ஒதுக்கீடும் வேண்டாம்.

இதை வெளியிட்டால் என் பெயரையும் ஊரையும் தயவுசெய்து போட வேண்டாம். பயம் என்று நினைக்காதீர்கள். என் விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. தம்பியின் இன்னொரு கல்லூரி உதவித்தொகைக்கு வருகிற ஜூனில் வருமானச் சான்று வாங்க வேண்டும். அதற்கும் அதே கிராம நிர்வாக அலுவலர்தான் பரிந்துரைக்க வேண்டும்.

இப்படிக்கு,
பி.எஸ்சி. கணிதம் முடித்த வாசகி,
தென் மாவட்டம்.